காந்தம் துடைத்தவள்

ஓடிப்போனாளாம், சூனியக்காரியாம்! வாய் இருந்தால் எதையும் சொல்வதா? நிஷாந்தினி ஸ்டோரிலிருந்து இரும்புத்தூளைத் துணியில் முடிந்து கொண்டுபோனது உண்மைதான். அதை அவள் யார் வாசலிலும் புதைக்கவில்லை.

ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த தூள் ஓடும் வழியில் ஒரு காந்தம் இருக்கும். மெஷினிலிருந்து உதிரும் இரும்பு அதில் ஒட்டும். அதைத் துடைப்பது அவள் வேலை. பௌதிகவியல் பட்டதாரிக்கு அந்த வேலை எதற்கு? அப்பா செத்ததும், வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாவிட்டால், குடியிருக்கும் லயத்துக் காம்பராவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மா விஜயலெட்சுமி நடுங்கினாள். அம்மாவுக்கோ முழங்கால் மடங்காது. கொஞ்ச நாளைக்கு என்று போனவள், ஜன்னலில்லாத அந்தக் காம்பராவுக்கும் காந்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகச் சொன்ன கண்டி ஆய்வுகூடம் இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்காது.

ஒருநாள் குழாயடியில் பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி முடிச்சைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குச் சூனியம் வைக்கப்போற புள்ள? எம் மருமகளுக்கா?"

"ஒங்க மருமகளுக்கு நீங்களே போதும் அத்தை."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நெசத்தச் சொல்லு. அது எதுக்குடி?"

நிஷாந்தினி தூளைக் காகிதத்தில் பரப்பி, அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நகர்த்தினாள். தூள் சிலிர்த்து நின்றது.

"காந்தத்த இன்னொரு காந்தம்தான் திருப்பணும்னு இல்லம்மா. கரண்டுல ஓடுற இலத்திரன்கிற பொடித் துணுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுழற்சி இருக்கு. அளந்து பாத்தா மேல, இல்லாட்டி கீழ; நடுவுல கெடையாது. எல்லாத்தையும் ஒரே பக்கம் பாக்க வச்சு மெல்லிசான காந்தத்துக்குள்ள விட்டா, போற போக்குல அந்தச் சுழற்சியக் குடுத்து அதத் திருப்பிரும்."

"கொஞ்சமா விட்டா?"

"ஆடிட்டு பழைய பக்கமே நிக்கும்."

"இத இங்கயே பாக்க ஏலாதா?"

"இங்க தூளு மட்டுந்தாம்மா. அதுக்கு மெஷினெல்லாம் கண்டியிலதான் இருக்கு."

மறுநாள் விடியலில் அம்மா முழங்காலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றாள்.

"ஒக்காந்தா எந்திரிப்பியா?" என்றார் கங்காணி.

"எந்திரிக்காட்டி நீங்க தூக்கிவிடுங்க. கொழுந்து எடுக்க ஏலாட்டி புள்ளக்காம்பராவுல தொட்டிலாட்டுறேன். பேரப் போடுங்க."

பேர் விழுந்தது. அம்மா திரும்பி வந்தபோது நிஷாந்தினி வாசலை மறித்து நின்றாள்.

"அம்மா, ஒங்க காலு?"

"காலு என்னுது. நீ பைய எடு."

பட்டப்பகலில் நிஷாந்தினி படி இறங்கினாள். குழாயடியில் ஊரே நின்றது. அந்த வழியாகத்தான் கண்டி பஸ்ஸுக்கு நடந்தாள். ஓடிப்போகிறவள் அந்த வழியாகவா போவாள்?