திரைக்குப் பின்னால் கேட்ட குரல்

போன செவ்வாய்க்கிழமை சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் போண்டா தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "பபூனு, வாத்தியாரு போய்ட்டாரு." "எந்த ஊரு நாடகத்துக்கு?" என்றேன். எதிர்ப்பக்கம் அழுகை கேட்டது. என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

தாண்டவ வாத்தியார் எழுதிய நாடகங்களில் எனக்குப் பபூன் வேஷம். ஐந்தாவதோடு நின்றவன் நான். அவர் நாடகங்களைப் பார்த்துக் கொண்டாடிய நீங்கள் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம், ரிஷிவந்தியத்துக்கு நாடகம் போடக் கிளம்பினோம். ரோட்டை மறித்துப் போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். வேனை விட்டு இறங்கி நடந்தோம். உடுப்புப் பெட்டி கனக்கிறதென்று ஆளுக்கொரு உடுப்பை மாட்டிக்கொண்டோம். வாத்தியார் தோளில் ராணி சேலை.

"ராணிம்மா, பாத்து நடங்க" என்றேன்.

"வாய மூடிக்கினு வாடா."

எனக்கு வந்தது, பபூன் காமெடிக்குப் போடும் போலீஸ் உடுப்பு.

கரும்புத் தோட்டத்து ஓரம் ஒருவர் கோடாலியோடு நின்றார். விளையாட்டாக, "எவன்டா மரம் வெட்டனது? நில்லுடா!" என்று கத்தினேன். கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் சிரித்தோம். தோட்டத்துக்குள் சுவரில்லாத கிணறு இருந்திருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாத்தியார்தான் குதித்தார். அந்தச் சேலையில் கட்டித்தான் தூக்கினோம். உயிர் இல்லை. ஊர்ச்சனம் ஓடிவருவதற்குள், "சட்டையக் கழட்டுடா" என்றார். போலீஸ் துரத்தியதாக அவர்களே முடிவுகட்டினார்கள். நாங்கள் மறுக்கவில்லை.

அதுவரை ராஜா கதை எழுதியவர் அதற்குப் பிறகு ராஜாவைத் தொடவே இல்லை. எந்த நாடகம் எழுதினாலும் அதில் ஒருவன் மேடையின் குறுக்கே ஓடுவான், திரும்பி வரமாட்டான். திரைக்குப் பின்னாலிருந்து "நில்லுடா!" என்று ஒரு குரல். அதை வாத்தியாரே கொடுப்பார், வேறு யாரையும் விடமாட்டார். போராட்டக் காலத்தை இவரைப்போல் எழுதியவர் இல்லையென்று நீங்கள் மாலை போட்டீர்கள். மாலையைக் கழற்றும்போது அவர் கண் என்னைத்தான் தேடும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "இன்னாங்க வாத்தியாரே, அதையே எழுதிக்கினு கீறீங்க? எப்போ நிறுத்துவீங்க?"

"ஊரையே சிரிக்க வெக்கிற வாயி, இதுக்கு மட்டும் தொறக்க மாட்டேங்குதே. அது தொறக்கட்டும், நிறுத்திக்கிறேன்."

திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

காரியத்தன்று அவர் நாடகத்தையே போடுகிறோம். பின்குரல் யார் என்று கேட்கிறார்கள். நான்தான். அவர் விட்டுப்போனதில் எனக்கு உரியது அந்த ஒரு சொல். என் சொல்லைத்தான் இத்தனை வருஷம் அவர் தொண்டையில் சுமந்தார்.

கிணற்றில் விழுந்தவர் பெயர் ஏழுமலை. அவரைத் துரத்தியது போலீஸ் இல்லை. அவர் பெண்சாதி எல்லா நாடகத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருகிறவர், அன்றைக்கும் வருவார். திரையை விலக்கிவிட்டு, அந்தம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லைக் கத்தப்போகிறேன்.