அந்தோணியின் வலப்பக்கம்

நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்று சொந்தமாக மூன்று படகுகள். படகில் நான் சொல்லும் பக்கம்தான் பக்கம்.

அன்று காலை, சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கிய அந்தோணி மேலே வருவதற்குள் பனி மூடிவிட்டது. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, ஒங்க விளக்கு தெரியுது! வலப்பக்கம் வாங்க!"

வலப்பக்கம் திருப்பினேன். குரல் விலகியது.

"வலப்பக்கம், அண்ணாச்சி!"

இன்னும் திருப்பினேன். குரல் மெலிந்தது. வெள்ளைப் பனியே என்னைக் கூப்பிட்டு அலைக்கழிப்பதுபோல் இருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். அவன் என்னைப் பார்த்தபடி மிதக்கிறான், அவனுடைய வலம் எனக்கு இடம் என்பது அப்போதுதான் உறைத்தது. இடப்பக்கமாக வளைந்து மெதுவாகப் போனேன். ஈரக் கை ஒன்று படகைப் பற்றியது.

"கூப்பிடக் கூப்பிட ஏன் வெலகிப் போனிய?" என்றான், பல் கிடுகிடுக்க.

இத்தனை வருஷமும் என் இடத்தில் நின்றே எல்லோர் பேச்சையும் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தபடி அவனைப் படகுக்குள் தூக்கினேன்.