இறால் தொக்கும் தங்கசாமியின் கோபமும்

தங்கசாமி கத்தினால் ஓடுகிற போர்வெல் வண்டியே நின்றுவிடும் என்று திருச்செங்கோட்டில் சொல்வார்கள். ரிக் லாரி ஓட்டுகிறவர். குழாயை யாராவது கோணலாக இறக்கினால் போதும், சீட்டிலிருந்து குதித்து வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுசன் போன மாசியில் சிரித்த முகத்தோடு கடற்கரைக்குப் புறப்பட்டார்.

கூட வந்தவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய இரண்டு பேர். முட்டை வியாபாரம் பார்க்கும் குருமூர்த்தி, ராசிபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் தீனதயாளன். ஐஸில் கிடந்து வந்த மீனையே தின்று வளர்ந்த மூவருக்கும், படகிலிருந்து இறங்குவதை அங்கேயே பொரித்துத் தின்ன வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

குருமூர்த்தியின் முட்டை வேனில் போய்ச் சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தார்கள். படகு கரையேறியதும் கிழங்கான் மீனும் இறாலும் வாங்கினார்கள். சமையல் தங்கசாமிதான். பொரித்த முதல் மீனைப் பிய்த்து வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். கவிச்சியே இல்லை. முள்ளோரச் சதையில் ஒரு தித்திப்பு.

“இத்தன வருசம் நாம தின்னது மீனே இல்லடா!”

தீனதயாளனுக்கு இறால் மட்டும் ஆகாது. முன்பொரு விருந்தில் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போனது. “நீ மீனோட நிறுத்திக்க” என்று சொல்லி, இறால் தொக்கை மூடி வைத்துவிட்டுத் தங்கசாமி குடத்தோடு தண்ணீருக்குப் போனார்.

திரும்பி வந்தபோது தீனதயாளன் மணலில் கிடந்தார். உதடு வீங்கி, கண் இடுங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். எதிரே குருமூர்த்தி செல்போனில் படம் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“பொண்டாட்டிக்குப் பயந்துதான் எறாலத் தொடமாட்டீங்கறன்னு சொன்னன் மாப்ள. ரோசம் வந்து அள்ளித் தின்னுட்டான். மூஞ்சியப் பாரு, பலூனாட்டம்!”

தங்கசாமி ஓங்கிய கை போனில் விழுந்தது. அது பறந்து போய் மணலில் புதைந்தது.

“சிரிக்கற வாயக் கிழிச்சுப்போடுவேன்! புடிடா அவங் கால!”

வேனில் ஏற்றிக் கிளப்பினால் சக்கரம் மணலில் சுற்றியதே தவிர நகரவில்லை. தங்கசாமி கூடாரத்தைப் பிடுங்கி வந்து சக்கரத்தின் அடியில் திணித்தார். குருமூர்த்தி புதிதாக வாங்கிய கூடாரம். அது கிழிகிற சத்தத்தோடு வண்டி தார்ரோட்டில் ஏறியது.

“கண்ண மூடாதடா நாயே! உன்னயப் பொணமாக் கொண்டுபோயி சௌமியாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்று தீனதயாளனின் மனைவி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓட்டினார்.

அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் தீனதயாளனுக்குக் குரல் வந்தது.

“அவன் கிண்டல் பண்ணுனான்டா...”

“ஒரு மீட்டர் துணிக்கு நாளெல்லாம் பேரம் பேசறவன், ஒரு கிண்டலுக்கு உசுரத் தூக்கிக் குடுத்துட்டயேடா!”

நர்ஸ் வந்து தங்கசாமியை வெளியே அனுப்பினார். வராந்தாவிலும் அவர் குருமூர்த்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ராசிபுரம் போனதும், தீனதயாளன் கண்ணால் கெஞ்சியும் கேளாமல், நடந்ததையெல்லாம் சௌமியாவிடம் கொட்டினார். அவள் புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கசாமியிடம் திரும்பினாள். “அண்ணா, நீங்க எதாச்சுஞ் சாப்புட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு மீனுக்குப் பிறகு வயிற்றில் எதுவும் விழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

ஒரு மாதம் கழித்துக் குருமூர்த்தி லாரி நிற்கும் இடத்துக்கு வந்தார். தங்கசாமி வண்டியை விட்டு இறங்கவில்லை.

“வெளையாட்டுன்னு நெனச்சன்டா. ராத்திரில அந்த மூச்சுச் சத்தந்தான் காதுல கேக்குது.”

“இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? போயி சௌமியாகிட்டச் சொல்லு.”

குருமூர்த்தி அன்றைக்கே போனார். சௌமியா அவரை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளைத் தீனதயாளன்தான் பிறகு வந்து சொன்னார். தங்கசாமி இப்போது குருமூர்த்தியிடம் பேசுகிறார். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.