எட்டாவது கயிறு

தேங்காய் எண்ணெய் புண்ணில் பட்டதும் முதலில் குளுகுளுவென்றுதான் இருக்கும், எரிச்சல் அப்புறம் வரும். நடந்து நடந்து இரண்டு தொடைகளும் உரசித் தோலுரிந்த இடத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணெயைத் தடவி, பல்லைக் கடித்தபடி பாவாடையை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு நிற்பேன். குண்டாக வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது, விளங்க வைக்கும் பொறுமையும் எனக்குக் கிடையாது. இளமைப் பருவம் என்றதும் தேனில் தோய்த்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னுடைய இளமைப் பருவத்தில் நினைத்து உருக ஒன்றுமில்லை, ஒரே ஒரு கயிற்றைத் தவிர.

எண்பதுகளின் தொடக்கம் அது. வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரித் தண்ணீர் பாயும் இடத்தில் நெல், பாயாத மேட்டில் வேர்க்கடலை, அவ்வளவுதான் எங்கள் உலகம். ரோட்டை அகலப்படுத்த ரோடு ரோலர் வந்து நின்ற வாரமே எனக்கு "ரோலர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் "பீப்பா". அதற்கும் முன்னால் "பூசணி". பெயர் வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருந்த சுறுசுறுப்பு வேறு எதிலும் இருந்ததில்லை. பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. என் தாய்மாமன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்த கட்டிக்கினு போவறதுக்கு மாப்ள வேணாம், மாட்டு வண்டிதான் வேணும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் இருந்தால் எனக்கு விளையாட்டு புரியவில்லை என்பார்கள் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது, கோபம் வரும், அந்தக் கோபமும் கடைசியில் என் மேல்தான் விழும். "எல்லாரும் துன்ற அதே களிதான நீயும் துன்ற, ஒனக்கு மட்டும் எங்கடி போயி ஒட்டுது" என்று கேட்பாள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் என்று முடிவானது. மறைமலை நகர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் அதிகாரி தலைமை தாங்க வருகிறார், பள்ளிக்கூடத்துக்கு ஏதோ செய்வார் என்ற பேச்சு. அதனால் எங்கள் ட்ரில் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னல் கோலாட்டம் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு சைக்கிள் ரிம், அதிலிருந்து எட்டு நிறக் கயிறுகள். ஆளுக்கொரு கயிற்றை இடது கையில் பிடித்து வலது கையில் கோலோடு, நாலு பேர் இந்தப் பக்கமும் நாலு பேர் அந்தப் பக்கமுமாகச் சுற்ற வேண்டும். எதிரே வருகிற முதல் ஆளுக்கு உட்புறமாகப் போனால் அடுத்த ஆளுக்கு வெளிப்புறமாகப் போக வேண்டும். கயிறுகள் கம்பத்தின் மேல் ஜடைபோலப் பின்னிக்கொண்டே இறங்கும். பிறகு அப்படியே திரும்பி, போன வழியிலேயே ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருத்தி ஒரே ஒரு தடவை உள்ளுக்கு வெளியாகப் போய்விட்டாலும் அவிழ்க்கும்போது எட்டுக் கயிறும் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

ட்ரில் டீச்சர் எட்டுப் பேரைப் பொறுக்கியபோது கண் என்னைத் தாண்டிப் போய்விட்டது. காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு வரப்போகிற எட்டுப் பாவாடைகளும் ஒரே அளவு என்பது காரணம். ஆனால் என்னை அடியோடு விட்டுவிடவும் இல்லை. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பிய மேடையில் கம்பம் நிற்காமல் ஆடியது. "தனலட்சுமி, நீ போய் அடியில உக்காந்து புடிச்சுக்க. நீ உக்காந்தா யார் அசைக்க முடியும்" என்றார் டீச்சர். உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், மறுநாள் ஒரு பச்சைப் போர்வையைக் கொண்டுவந்து என் தலையோடு மூடி, கம்பத்தின் கீழே ஒரு குன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். யோசனை சொன்னது நன்றாக ஆடுகிறவள் என்று பெயர் வாங்கிய பிரேமா. எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

போர்வைக்குள் புழுக்கமும் பழைய துணி நாற்றமும். விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் கால்கள் மட்டும் தெரியும். தினமும் அந்தக் கால்களைத்தான் பார்த்தேன். எந்தக் கால் எப்போது உள்ளே வருகிறது, எப்போது விலகுகிறது, யார் தடுமாறுகிறாள் என்பதெல்லாம் மேலே ஆடுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் களத்து மேட்டில், நெற்கதிர் போரடிக்கும்போது மாடு கட்டுகிற முளைக்குச்சியைச் சுற்றி, எதிரே ஆள் வருவதாக நினைத்துக்கொண்டு ஆடுவேன். தொடைப் புண் எரியும். எரியட்டும் என்று விட்டுவிடுவேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, போரடிக்கிற மாடு மாரி சுத்திக்கினு கீற?" என்றாள். நான் ஆடுவதை நிறுத்தவில்லை என்று கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

விழாவுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது எட்டுப் பேரில் ஒருத்தியான வசந்தா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பெரியவளாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு தீட்டு கழித்து, தாய்மாமன் சீர் செய்து முடிகிறவரைக்கும் வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். முடிந்த பிறகும் மேடையேறி ஆட எந்த அப்பனும் விட மாட்டான். ஏழு பேரை வைத்துப் பின்ன முடியாது. டீச்சர் ஒல்லியாக இருந்த ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் இரண்டாவது சுற்றிலேயே சிக்க வைத்தாள். நான் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து, "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றேன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மேடை தாங்குமாடி?" என்றார் டீச்சர். நான் அத்தனை நாளும் அந்த மேடை மேல்தான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் தாங்குகிற மேடை ஆடினால் மட்டும் தாங்காதாம். அதைச் சொல்லியிருக்கலாம், சொன்னால் அடி விழும். "தரையில ஆடலாம் டீச்சர். தரை தாங்கும்" என்றேன்.

"கம்பத்தை யார் புடிக்கிறது?"

"குழி தோண்டி நட்டுடலாம்."

"யார் தோண்டுவா?"

"நான் தோண்டறேன்."

"தோண்டு பாக்கலாம்" என்றார், பேச்சு அதோடு முடிந்தது என்ற நினைப்பில். மறுநாள் விடிந்ததும் வீட்டுக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். விளையாட்டு மைதானத்தின் மண், மழை பெய்தால்கூட இளகாத மொரம்பு. கடப்பாரை பட்ட இடத்தில் பொறி பறந்தது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அன்றைக்கு எனக்கு யார் மேலெல்லாம் கோபம் இருந்ததோ அத்தனை பேரையும் அந்தக் குழிக்குள் ஒவ்வொருவராகக் குத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதனாலேயே ஆழமாகப் போய்விட்டது. பந்தக்கால் நடுகிற மாதிரி கம்பத்தை இறக்கி, உடைந்த செங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, மண்ணைத் தள்ளிக் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்துக் கெட்டித்தேன். டீச்சர் வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். பிரேமாவையும் கூப்பிட்டு உலுக்கச் சொன்னார். அசையவில்லை. வசந்தாவின் மஞ்சள் கயிற்றை இரண்டு விரலால் எடுத்து, ஏதோ செத்த எலியைப்போல என் பக்கம் நீட்டினார்.

வாடகைப் பாவாடை எனக்கு இடுப்பில் ஒரு முழம் பற்றவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "ஆடி இன்னா ஆவப்போவுது? நாலு பேரு சிரிப்பான். அத்தப் பாக்க என்னால முடியாது" என்றாள். அவளுக்கு என்னால் வெட்கம் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன், அது பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவளே தன் கல்யாணச் சேலையின் முந்தானைப் பக்கத்தைக் கிழித்துப் பாவாடைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டுத் தைத்தாள். தைக்கும்போது முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

விழாவன்று வெயில் தாழ்ந்ததும் மைதானத்தில் சுற்றிக் கூட்டம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தபோதே தொடங்கிவிட்டது. "ரோலர் வருது, வழி வுடு" என்று ஒருவன் கத்தினான். விசில். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கூட வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். கோல் தட்டத் தொடங்கியதும் என் வயிறு குலுங்குவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் தங்கள் வயிற்றைக் குலுக்கிக் காட்டினார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இன்னாய்யா சிரிப்பு? ஒன் வூட்டு சோத்தையா துன்னுட்டு வந்து ஆடறா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் அடங்கியது, மற்ற பக்கங்களில் அடங்கவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நினைவுகளை எழுதுகிறவர்கள், போகப் போகச் சிரிப்பு நின்று கைதட்டலாக மாறிற்று என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. சிரித்தவர்கள் கடைசிவரைக்கும் சிரித்தார்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போன எனக்குத்தான், ஒரு சுற்றில், அந்தச் சிரிப்பு என் காலைப் பிடித்து நிறுத்தவில்லை என்பது உறைத்தது. அவர்கள் சிரிப்பது அவர்கள் வாயால், நான் ஆடுவது என் காலால். இரண்டுக்கும் நடுவில் எந்தக் கயிறும் கட்டியிருக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது.

பின்னல் இடுப்பு உயரத்துக்கு இறங்கி, எல்லாரும் திரும்பி அவிழ்க்கத் தொடங்கியபோது எதிரே வந்த பிரேமாவின் முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே ஆடியவள், திரும்பியதும் வழியை மறந்துவிட்டாள். வெளியே போக வேண்டியவள் எனக்கு உள்ளே நுழையப் பார்த்தாள். நுழைந்திருந்தால் அங்கேயே சிக்கியிருக்கும், ரோலர் வந்து மிதித்துக் கெடுத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள், என் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லிப் புரிய வைக்க நேரமில்லை. இடுப்பால் ஓர் இடி இடித்தேன். அத்தனை வருஷமாக எல்லாரும் கேலி செய்த அந்த உடம்பின் முழு எடையையும் போட்டு இடித்தேன். பிரேமா சரியாக வெளிவட்டத்தில் போய் விழாத குறையாக நின்று, ஆட்டத்தைத் தொடர்ந்தாள். கயிறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கடைசியில் எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கின.

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. பிரேமாவைத்தான் தட்டிக்கொடுத்தார். அதிகாரியும் அவளுக்குத்தான் கைகொடுத்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பொண்ண ஏண்டி இடிச்ச?" காரணத்தைச் சொன்னேன். "இன்னும் ஜாஸ்தியா இடிச்சிருக்கணும்" என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மைதானம் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது, கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. களத்து மேட்டில் கன்டெய்னர் லாரிகள் திரும்புகின்றன. போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அம்மா போனது ஒன்றுதான் எனக்கு இழப்பு. "பீப்பா", "ரோலர்" என்று கூப்பிடுகிறவர்களும் ஒழிந்துபோனார்கள். அந்த இடத்தில் இப்போது அக்கறை வந்து உட்கார்ந்திருக்கிறது. போன பொங்கலுக்கு, தண்டலம் பக்கம் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் பெண்களெல்லாம் சேர்ந்து ஆட ஏற்பாடு செய்தார்கள். முன்னின்று நடத்திய இளம் பெண் என் உடம்பைப் பார்த்துவிட்டு, மிகவும் இனிமையாக, "ஆன்ட்டி, உங்களுக்கு முட்டி வலிக்கும். நீங்க சேர்ல உக்காந்து கை தட்டுங்க, அது போதும்" என்றாள்.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அவள் காட்டிய நாற்காலியில் என் கைப்பையை வைத்துவிட்டு, முதல் வரிசைக்குப் போய் நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் நின்றவர்கள் எனக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.