கொண்டைக்குள் ஒன்பது விதை

அம்சத்துக்கு நாக்கும் நீளம், கையும் நீளம். குத்தாலத்துப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் மறுக்கமாட்டாள். ஆனால் அவள் ஆயுசுக்கும் திருடியது பூவிதை மட்டும்தான். மிராசுதார் துரைராசு வீட்டு வேலியோரம் கனகாம்பரம் பூத்துக் குலுங்கும். அவர் மனைவி மங்களாம்பிகை, "கண்டவ கொண்டையில எல்லாம் ஏறினா அது பூவா?" என்று காய்ந்த கதிர்களைக் கொளுத்தச் சொல்லிவிடுவாள். சாமிக்கே எண்ணிப் பூப்போடும் மகராசி.

கனகாம்பரக் காயில் ஈரம் பட்டால் வெடிக்கும். உச்சி வெயிலில் பறித்துக் காய்ந்த துணியில் முடிய வேண்டும். தெரிந்தும், அறுபத்தாறாம் வருஷம் ஒருநாள், அவர் பண்ணை மாட்டைக் குளிப்பாட்டிய ஈர முந்தானையிலேயே முடிந்துகொண்டாள் அம்சம். துரைராசு எதிரே வந்த நேரம் பார்த்து இடுப்பில் படபடவென்று வெடித்தது. கோயில் அதிர்வேட்டு தோற்றது. அன்று முழுக்க அவளைக் களத்து வெயிலில் நிற்க வைத்தார். அழுகை முட்டியது, அவர் முன்னால் அழவில்லை. அவர் நிலத்தில் போட்டிருந்த தன் குடிசைக்கு வந்து தலையை அவிழ்த்தால், கொண்டைக்குள் தெறித்துக் கிடந்தன ஒன்பது விதைகள். வாசலில் தூவினாள். வளர்ந்ததை அவர் வந்து பிடுங்கினார். அதற்குள் அவள் பல்பொடி டப்பாவில் விதை சேர்த்துவிட்டாள்.

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது: அதற்கு முன்பிருந்தே குடிசை போட்டு வாழும் விவசாயக் கூலிக்கு அந்த மனை சொந்தம். துரைராசுக்கு வயிறு எரிந்தது. அம்சம் நடவுக்குப் போன பகலில் ஆள்விட்டுக் குடிசையைப் பிரித்துப்போட்டார். அவள் புதுக்கீற்று வேய்ந்தாள். அவர் காத்திருந்ததும் அதற்குத்தான்.

"பாருங்க சார், போன வாரம் போட்டது. முன்னே இங்க ஈ காக்கா கிடையாது," என்றார், விசாரணைக்கு வந்த தாசில்தாரிடம்.

தாசில்தார் பச்சைக் கீற்றைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மனை போயிற்று என்று அம்சம் பயந்தாள். ஆனால் நாக்கு பயப்படவில்லை. துரைராசு பக்கம் தலையைத் திருப்பி, கொண்டையிலிருந்த கனகாம்பரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆண்டே வூட்டுப் பூ சாமி. ஆண்டே ஆசையா குடுத்த விதை," என்றாள் தாசில்தாரிடம்.

"நான் குடுத்தேனா?" துரைராசு குதித்தார். "திருடி சார் இவ! அறுபத்தாறுல எங்க தோட்டத்துல திருடினா. மறு வருஷம் இதே எடத்துல, இவ குடிசை வாசல்ல பூத்து நின்னுது. நானே வந்து புடுங்கினேன்!"

தாசில்தார் மெல்ல நிமிர்ந்தார்.

"திருடினது நெசந்தான் சாமி," என்று கைகூப்பினாள் அம்சம். "எழுதிக்குங்க. எந்த வருஷம், எந்த வாசல்னு ஆண்டே சொன்னாரே, அதையும் சேத்து எழுதிக்குங்க."