பத்தடி பின்னால்

நான் பாடம் நடத்தும் பள்ளியின் விளையாட்டு டீச்சர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பு, கல் போன்ற கெண்டைக்கால், வெயிலில் கறுத்த முகம். ஒரு காலத்தில் துரத்தல் பந்தய வீராங்கனை. வட்டப் பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் சைக்கிள் பந்தயம் அது.

தினமும் காலையில் புதுக்கடையிலிருந்து பக்கத்து ஊரான கருங்கல் வரை, தொப்பி வைத்த ஒரு பெரியவர் டாக்டர் சொன்னதற்காகச் சைக்கிள் மிதிப்பார். அவருக்குப் பத்தடி பின்னால் டீச்சர் தன் சைக்கிளில் போவார். அவர் வேகம் கூட்டினால் இவரும் கூட்டுவார். அவர் நின்று தண்ணீர் குடித்தால் இவரும் ஒரு காலை ஊன்றி நிற்பார். பேச்சே கிடையாது. பெரியவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டேன். "அவரு யாரு டீச்சரே?"

"மாநில டீமுக்கு ஆள் எடுத்தவரு. செலக்சன்ல நான்தான் முதல்ல வந்தேன். எனக்க இடத்த அவருக்க தங்கச்சி மவளுக்குக் குடுத்தாரு. அதோட எனக்க ஓட்டம் தீந்துது சாரே."

"ஒரு மிதி மிதிச்சா முந்திரலாமே?"

டீச்சர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க பந்தயத்துல முன்னால போறவன எட்டிப் பிடிச்சா, அந்த நிமிசமே பந்தயம் முடிஞ்சு போவும். நான் எதுக்கு முடிக்கணும்?"

போன மாதம் பெரியவர் சைக்கிளை விற்றுவிட்டு நடக்கத் தொடங்கினார். அவருக்காக நான் நிம்மதியடைந்தேன். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். டீச்சர் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார், அதே பத்தடி பின்னால்.