வண்டி நின்ற பிறகு பேசியவர்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, எங்கள் கல்லூரிப் பேருந்தின் டிரைவர் சுரேஷுக்குப் போன் போட்டதுதான். முகம்கூடக் கழுவவில்லை. "நகரியில எடுத்துட்டேன் மேடம்" என்றார். திருச்சானூர் வீட்டில் சமையல் முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன். நான்காவது முறை, "புத்தூர் கிட்ட வந்துட்டேன் மேடம், இன்னும்..." என்றவரின் பேச்சு நின்று, ஏதோ சத்தம் கேட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எரிச்சலோடு, அதே பேருந்தில் உதவியாளராக வரும் முனிரத்தினம் அண்ணனுக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. அவர் எடுக்க மாட்டார் என்பது தெரிந்ததுதான்.

அரை மணி நேரம் கழித்து ஒரு மாணவியின் அப்பா கூப்பிட்டார். பேருந்து சாலையோரப் புளியமரத்தில் மோதிவிட்டது. பிள்ளைகளுக்குச் சிறு காயங்கள். சுரேஷுக்குக் கால் முறிவு. முன்படி அருகே நின்றிருந்த முனிரத்தினம் அண்ணன் அங்கேயே இறந்துவிட்டார்.

நகரி பக்கத்து ஊர்க்காரர் அவர். எங்கள் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் அவருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து வருவேன். தினமும் வண்டியை எடுப்பதற்கு முன் போனின் சத்தத்தை அடக்கி, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்து மூடிவிடுவார். அந்த அடுக்கில் வேறு எதுவும் இருக்காது. ஏன் என்று கேட்டேன்.

"கீழ சோறு, மேல போனு. ரெண்டையுமே ஓட்டிக்கினு துன்னக்கூடாதும்மா" என்று சிரித்தார்.

புத்தூரில் ஐந்து நிமிடம் நிறுத்துவார். அப்போது அடுக்கைத் திறந்து, யார் கூப்பிட்டிருந்தாலும் திருப்பிக் கூப்பிடுவார். முதல் வாக்கியம் மாறவே மாறாது: "வண்டி நின்னுடுச்சி. இப்ப சொல்லுங்க."

நான்கு ஆண்டுகளுக்கு முன் பேருந்துகளின் பொறுப்பு என்னிடம் வந்தது. பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு தொடங்கினேன். வண்டி எங்கே வருகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அதில் போடுவேன். எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. முனிரத்தினம் அண்ணனின் வண்டியைப் பற்றி மட்டும் என்னால் எதுவும் போட முடியவில்லை. மெமோ கொடுத்தேன்.

எங்கள் கல்லூரி ஆந்திரத்தில் இருப்பதால் மெமோ தெலுங்கில் இருந்தது. "எனக்குப் பேசத்தாம்மா வரும், படிக்க வராது. நீங்களே படிச்சிச் சொல்லிடுங்க" என்றார். அவர் மேல் நான் எழுதிய புகாரை அவருக்கே தமிழில் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். தமிழில் கையெழுத்துப் போட்டார். "எழுதனதெல்லாம் நெசம்தான். ஆனா ஓட்டும்போது எடுக்க மாட்டேம்மா. நாப்பது பிள்ளைங்க உக்காந்துக்கினு இருக்குது" என்றார். இரண்டாவது மெமோவும் அப்படியே முடிந்தது.

மூன்றாவது வேறு. ஒரு நாள் காலை சாவியை என் மேசையில் வைத்தார். "ராத்திரி இருமல் மருந்து குடிச்சேன். கண்ணு சொக்குது. பிள்ளைங்களை வேற வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். வெறும் வண்டியைக் கொண்டாரதுக்கே பயமாயிடுச்சி. ரிட்டர்ன்ல நான் ஓட்டல, வேற ஆள் போடுங்க."

"இருமல் மருந்துக்கா அண்ணா? குடிச்சவங்க மாதிரி பேசறீங்களே?"

"கண்ணு சொக்கறவனும் குடிச்சவனும் ஒண்ணுதாம்மா. மரத்துக்கு வித்தியாசம் தெரியாது."

அன்று நான் சிரித்துவிட்டு மூன்றாவது மெமோவை எழுதினேன். அந்த மெமோவுக்குப் பிறகு அவரை உதவியாளராக மாற்றினார்கள். பரிந்துரை என்னுடையது. அவர் இடத்துக்கு வந்த சுரேஷ் முதல் மணியிலேயே போனை எடுப்பார். பொறுப்பான பையன் என்று கூட்டத்தில் அவரைப் புகழ்ந்தேன். முனிரத்தினம் அண்ணன் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார்.

மருத்துவமனையில் சுரேஷைப் பார்க்கப் போனேன். "மாடு குறுக்க வந்துடுச்சின்னு போலீஸ்ல சொல்லிட்டேன் மேடம். உங்க பேரு வராது" என்றார்.

"மாடு வந்துச்சா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "பெரியவரு சொன்னாரு மேடம், போனை வை நைனா, போனை வை நைனான்னு. ஒரு நிமிஷம்னு கை காட்டினேன். நீங்க கூப்ட்டு எடுக்கலன்னா அவரு கதிதானே எனக்கும்?"

மாடு என்றே இருக்கட்டும் என்று ஒரு கணம் மனதுக்குள் நினைத்தேன். ஒரு கணம் அல்ல, ஆறு நாள் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியிலும் மாடு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

ஏழாம் நாள் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேவகி அக்கா டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். கீழ் அடுக்குகள் நசுங்கியிருந்தன. மேல் அடுக்கு அப்படியே இருந்தது. ஓட்டாத நாட்களிலும் அவர் போனை அதில்தான் வைத்தாராம்.

"டிரைவர் பக்கத்துல மணி அடிச்சா அவன் கவனம் போவும்னு சொல்லுவாரு. இதுல யாரோ கூப்ட்டிருக்காங்க, யாருன்னு பாரும்மா" என்றார் அக்கா.

எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தவறிய அழைப்பு. என் பெயர்.

"யாரும்மா?"

"நான்தான் அக்கா."

"அப்படியா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருந்திருந்தா புத்தூர்ல நின்னுக்கினு கூப்ட்டிருப்பாரு."

இரங்கல் கூட்டத்தில் படிக்க அவரைப் பற்றி நல்லபடியாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கல்லூரியில் கேட்டார்கள். எழுதியது இதுதான். இதைப் படிப்பதற்கு முன், நாளை காலை எழுந்ததும் யாருக்கும் போன் போடாமல், என் போனையும் அந்த மூன்று மெமோக்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகப் போகிறேன். வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.

போய் வாருங்கள் அண்ணா. வண்டி நின்றுவிட்டது. இப்போது சொல்கிறேன்.